முப்பது வருஷத் தவணை

ஒரு சின்னக் கணக்கு. பேப்பர், பேனா தேடாதீர்கள். மனசுக்குள்ளேயே போட்டுவிடலாம்.

72 என்ற எண்ணை வட்டி விகிதத்தால் வகுத்தால், போட்ட பணம் எத்தனை வருஷத்தில் இரட்டிப்பாகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். எட்டு சதவீதம் என்றால் ஒன்பது வருஷம். ஆறு சதவீதம் என்றால் பன்னிரண்டு. பி.காம். வகுப்பில் சொல்லிக் கொடுத்தவற்றில் இன்றைக்கும் நினைவில் நிற்பவை நாலைந்துதான். அதில் இது ஒன்று. 'அஞ்சே வருஷத்துல டபுள் சார்' என்று யாராவது நோட்டீஸை நீட்டினால், மனசு தானாக 72-ஐ ஐந்தால் வகுத்துப் பார்க்கும். பதினாலு சதவீதத்துக்கு மேல் வட்டி! நோட்டீஸை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இதே கணக்கை ஒரு தேசத்துக்கே போட்டுக் காட்டினார் ஒருவர். மலேசியப் பிரதமர் மகாதீர் முகமது. 1991 பிப்ரவரி 28-ம் தேதி, மலேசிய வணிக மன்றத்தின் முதல் கூட்டம். பெரிய பெரிய தொழிலதிபர்களும் அதிகாரிகளும் உட்கார்ந்திருந்த சபை. வருஷத்துக்கு ஏழு சதவீத வளர்ச்சி, முப்பது வருஷம் விடாமல். ஏழு சதவீதம் என்றால் பத்து வருஷத்துக்கு ஒரு இரட்டிப்பு. முப்பது வருஷத்தில் மூன்று முறை. இரண்டு, நாலு, எட்டு! 1990-ல் 11,500 கோடி ரிங்கிட்டாக இருந்த நாட்டின் மொத்த உற்பத்தி 2020-ல் 92,000 கோடியாகும். மக்கள்தொகை வருஷத்துக்கு இரண்டரை சதவீதம் கூடினால்கூட, ஆளுக்கு நாலு மடங்கு வசதி. 'முழுமையாக வளர்ந்த நாடு' என்ற பலகையை 2020-ல் மாட்டிவிடலாம்.

'வாவாசான் 2020' என்று அதற்குப் பெயர். வாவாசான் என்றால் மலாய் மொழியில் தொலைநோக்கு. குறையில்லாத கண்ணுக்குக் கண் டாக்டர் போடும் மார்க்கும் 20/20 தான். மகாதீர் எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வைப்பதில் மனிதர் கில்லாடி.

அந்த உரை வெறும் பணக் கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நாட்டின் முன்னால் ஒன்பது சவால்களை வைத்தார். முதல் சவால், இனம் கடந்து ஒன்றுபட்ட ஒரே தேசம். பிறகு தன்னம்பிக்கை, முதிர்ந்த ஜனநாயகம், ஒழுக்கம், சகிப்புத்தன்மை, அறிவியல், அக்கறையுள்ள சமூகம், பொருளாதார நீதி. ஒன்பதாவதாகத்தான் செல்வச் செழிப்பு. வரிசையைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். எந்தத் தலைவர் ஒழுக்கத்துக்கு அடுத்த இடத்தில் பணத்தை வைக்கிறார், சொல்லுங்கள்?

ஆனால் கணக்குப் படித்தவன் கண் வேறு இடத்துக்குப் போகும். ஒன்பதாவது சவாலுக்கு வளர்ச்சி விகிதம் உண்டு, ஆரம்பத் தொகை உண்டு, இறுதித் தொகை உண்டு. அக்கறையுள்ள சமூகம் என்பதற்கு என்ன எண்? எத்தனை பேர் மேல் எவ்வளவு அக்கறை, எந்த வருஷத்துக்குள்? அதற்கு இலக்கம் கிடையாது. எண் இருப்பதைத்தான் ஆடிட்டர் தணிக்கை செய்ய முடியும். எண் இல்லாதது டைரக்டர் அறிக்கையின் முதல் பக்கத்தில் அழகாக உட்கார்ந்திருக்கும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியா சும்மா வாய்ப்பந்தல் போட்ட நாடு இல்லை. 1970-ல் தீபகற்ப மலேசியாவில் ஏறக்குறைய பாதிப் பேர் ஏழைகள். 1990-ல் ஆறேழு பேருக்கு ஒருவர். இருபதே வருஷத்தில் இதைச் செய்து காட்டிய நாடுகள் அதிகம் இல்லை. ரப்பரும் ஈயமும் விற்றுக்கொண்டிருந்தவர்கள் பினாங்கில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை வைத்தார்கள், சொந்தமாகக் கார் தயாரித்தார்கள், 1998-ல் உலகிலேயே உயரமான கட்டிடம் எங்களுடையதுதான் என்றார்கள். அந்தத் தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகளிடம் '2020-ல் நம் நாடு' என்று படம் வரையச் சொன்னால், பறக்கும் காரை வரைந்தார்கள். ஒரு தேசத்தின் குழந்தைகள் எதிர்காலத்தை பயத்தோடு இல்லாமல் ஆசையோடு வரைந்தார்கள் என்றால், அது சின்ன விஷயமா?

ஆகவே திட்டம் போட்டது தப்பா சரியா என்பது நம் கேள்வி இல்லை. கேள்வி வேறு.

முப்பது வருஷம் கழித்துக் கிடைக்கப்போகும் ஒன்றுக்காக இன்றைக்கு ஒருவனைக் காத்திருக்கச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

*

இதை ஒரு இளைஞர் 1928-லேயே கணக்காகப் போட்டுப் பார்த்தார். கேம்பிரிட்ஜில் இருந்த ஃபிராங்க் ராம்சே. கணிதம், தத்துவம், பொருளாதாரம் மூன்றிலும் கை வைத்து, மூன்றிலும் பெயர் வாங்கி, 26 வயதில் செத்துப்போனவர். அவருடைய கேள்வி ரொம்ப எளிமையானது. ஒரு நாடு தன் வருமானத்தில் எவ்வளவு சேமிக்க வேண்டும்? அதாவது, இன்றைக்கு எவ்வளவு சாப்பிடலாம், நாளைக்கு எவ்வளவு எடுத்துவைக்கலாம்?

நாளைக்குப் பிறக்கப்போகிறவனின் சுகத்தை, இன்றைக்கு இருப்பவனின் சுகத்தைவிட மட்டமாக எடைபோடுவது தர்மம் இல்லை என்றார் ராம்சே. தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரிவது நம் கற்பனையின் பலவீனம், அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. பேரன் பசியும் பசிதானே? இப்படி எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், யாரும் யோசித்துப் பார்க்காத அளவுக்கு நாடு சேமிக்க வேண்டும் என்று விடை வருகிறது. அது அவருக்கே தெரிந்திருந்தது.

நாமும் இதைக் கேட்டவர்கள்தான். 1956-ல் தொடங்கிய நம் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் என்ன சொன்னது? முதலில் இரும்பு, எந்திரம் செய்கிற எந்திரம். அதற்குப் பிறகு, அந்த எந்திரத்தால் துணிமணி, சாமான். இன்றைக்கு வயிற்றைக் கட்டினால் நாளைக்கு வாயைக் கட்ட வேண்டாம். நம் அம்மாக்கள் எல்லோரும் ராம்சேவைப் படிக்காமலே ராம்சே கட்சி. தான் பழையதைச் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைக்குச் சுடுசோறு போடுகிறவள், 'எதிர்காலத்துக்கு என்ன தள்ளுபடி விகிதம்?' என்று கேட்பதில்லை.

அதனால்தான் எல்லா நாட்டுத் தலைவர்களுக்கும் குடும்ப உதாரணம் பிடிக்கிறது. தேசம் ஒரு குடும்பம், கொஞ்சம் கஷ்டப்படுவோம், பிள்ளைகள் நல்லா இருப்பார்கள். கேட்கிறவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

இங்கேதான் நிறுத்திப் பார்க்க வேண்டும். வீட்டில் பட்டினி கிடக்கிறவளுக்கு, சாப்பிடுகிறவன் யார் என்று தெரியும். அவன் அவள் பிள்ளை. சாப்பிட்டானா இல்லையா என்று அடுப்படியில் நின்றே பார்த்துக்கொள்ளலாம். 'போதும்டா, இன்னிக்கு எனக்கும் கொஞ்சம் வை' என்று கேட்கவும் அவளால் முடியும். ராம்சேயின் கணக்கில் தேசம் என்பது ஒரே ஆள். இன்று பசித்து நாளை சாப்பிடும் ஒரே வயிறு. நிஜ தேசத்தில் கட்டுகிற வயிறு ஒன்று, உண்கிற வயிறு வேறு. இந்தத் தெருவில் பட்டினி, அந்தத் தெருவில் பந்தி.

யார் வயிறு, யார் சாப்பாடு? இதை விசாரிக்க மலேசியாவில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. புத்ராஜெயா.

*

டூர் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். இளஞ்சிவப்பு மசூதி, பெரிய செயற்கை ஏரி, ஏரிமேல் ஒன்றையொன்று மிஞ்சும் பாலங்கள், பச்சைக் குவிமாடத்தோடு பிரதமர் அலுவலகம். கோலாலம்பூரில் நெரிசல் என்று தெற்கே கட்டிய புது நிர்வாகத் தலைநகரம். பிரதமர் அலுவலகம் 1999-ல் அங்கே குடிபோனது. 2001-ல் கூட்டரசுப் பிரதேசமாக அறிவித்தார்கள். வாவாசான் 2020-க்கு ஒரு முகம் உண்டு என்றால் அது இந்த ஊர்தான்.

அதற்கு முன்னால் அந்த இடத்துக்குப் பெயர் பிராங் பெசார். மலாயில் 'பெரும் போர்' என்று பொருள். முதல் உலகப் போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-ல் போட்ட ரப்பர் தோட்டம் அது. அங்கேயும் அதை ஒட்டிய தோட்டங்களிலும் பால்மரம் சீவியவர்கள் நம் ஆட்கள். தமிழர்கள்.

பிராங் பெசார் லேசுப்பட்ட தோட்டமில்லை. அங்கே உருவாக்கிய ஒட்டுரக ரப்பர் உலகம் முழுக்கப் பரவியது. கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கமும் பழைய ரப்பர் விவசாயிகளிடம் 'பி.பி. 86' என்று சொல்லிப் பாருங்கள், தெரியும் என்பார்கள். அந்த 'பி.பி.' யார் இனிஷியல் என்று நினைத்தீர்கள்? பிராங் பெசார்தான். ஊர் போய்விட்டது, பெயர் மரத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

ரப்பர்க் கன்று வைத்தால் பால் எடுக்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை செலவுதான், வரவு இல்லை. இதற்காகத் தோட்டக் கம்பெனியின் வருடாந்திர அறிக்கையில் தனியாகவே ஒரு வரி உண்டு. பால் தரும் பரப்பு இத்தனை, இன்னும் முதிராத பரப்பு இத்தனை. முதிராத மரத்துக்குக் கொட்டும் பணம் நஷ்டம் இல்லை, அது முதலீடு, சொத்துப் பக்கம் ஏறும். எவ்வளவு நியாயமான கணக்கு! மரத்தின் காத்திருப்புக்கு மதிப்பு உண்டு.

மரம் சீவுகிறவன் கணக்கு? அவனுக்கு நாள் கூலி. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. குடியிருப்பது கம்பெனியின் லயத்து வீடு, வேலை இருக்கும்வரை வீடு. ரிட்டயர் ஆனால் வேலையோடு வீடும் போய்விடும். தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை ஒரே லயத்தில் இருந்திருக்கலாம், ஆனாலும் ஒரு செங்கல்கூட அவர்கள் பெயரில் கிடையாது. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. கிராமப்புற வளர்ச்சிக்கு என்று அரசாங்கம் கோடி கோடியாகச் செலவு செய்த காலத்தில், அந்தப் பணம் தோட்டங்களுக்குள் நுழையவில்லை. ஏன்? தோட்டம் தனியார் நிலம். அங்கே ரோடு, தண்ணீர், கரண்ட் எல்லாம் முதலாளி பொறுப்பு. அரசாங்கத்துக்கு அவன் முதலாளியின் ஆள். முதலாளிக்கு அவன் அரசாங்கத்தின் குடிமகன். இரண்டு லெட்ஜருக்கு நடுவில் விழுந்துவிட்ட என்ட்ரி மாதிரி.

புத்ராஜெயாவுக்காக நிலம் எடுத்தபோது அந்தத் தோட்டங்களின் குடும்பங்கள், சுமார் நானூறு, டெங்கிலில் தாமான் பெர்மாத்தா என்ற அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனார்கள். போன சில வருஷங்களிலேயே சுவரில் விரிசல். தரை வீடு தருவதாக வாக்குக் கொடுத்தார்கள் என்று அந்த மக்கள் வருஷக்கணக்காக மனு கொடுத்தார்கள், போராடினார்கள், அமைச்சர்களைப் பார்த்தார்கள். பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். தேர்தல்கள் வந்து போயின. ஒரு தலைநகரத்தையே, ஏரியும் பாலமும் சேர்த்து, சில வருஷங்களில் எழுப்பிவிட முடிந்த நாட்டில், அந்தத் தலைநகரத்துக்கு இடம் விட்டுக் கொடுத்த நானூறு வீட்டுக்காரர்களின் ஃபைல் இருபது வருஷமாகியும் மூடப்படவில்லை.

கொஞ்சம் நியாயமாகவும் பேசுவோம். தோட்ட வாழ்க்கை ஒன்றும் சொர்க்கம் இல்லை. விடியும் முன் எழுந்து, கொசுக்கடியில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக ஓடுகிற வேலை. தன் பிள்ளையும் இதே கத்தியைப் பிடிக்க வேண்டும் என்று எந்தத் தாயும் அங்கே நேர்ந்துகொண்டிருக்க மாட்டாள். தோட்டங்கள் செம்பனைக்கும், வீட்டு மனைக்கும், கோல்ஃப் மைதானத்துக்கும் மாறியது உலகச் சந்தையின் வேலை. மகாதீர் ஒருவர் உட்கார்ந்து செய்த சதி என்று சொல்வது அபத்தம். தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களிலிருந்து வக்கீல்கள், டாக்டர்கள், பேராசிரியர்கள் வந்திருக்கிறார்கள். அதையும் வரவில் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் வெளியேறும்போது கையில் என்ன இருந்தது? அதுதான் விவகாரம். நிலத்தின் மதிப்பு ஏறியதே, அதில் அவர்கள் பங்கு எவ்வளவு? காட்டை வெட்டிச் சமன் செய்தது யாருடைய தாத்தா? 'எல்லோருக்குமான 2020' என்ற பஸ்ஸில் அவர்களுக்கும் டிக்கெட் உண்டு என்றார்கள். பஸ் கிளம்பும் இடமே அவர்கள் வீட்டு வாசல். அவர்களை இறக்கிவிட்டுத்தான் பஸ் கிளம்பியது.

2007 நவம்பர் 25-ம் தேதி கோலாலம்பூர் தெருக்களில் ஆயிரக்கணக்கில் இந்திய வம்சாவளியினர் திரண்டார்கள். ஹிண்ட்ராஃப் என்ற அமைப்பு கூப்பிட்ட ஊர்வலம். கண்ணீர்ப்புகை, தண்ணீர் பீய்ச்சியடி எல்லாம் நடந்தது. டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் போக நினைத்த இடம் எது? பிரிட்டிஷ் தூதரகம். எங்கள் முன்னோர்களைக் கூலிகளாகக் கூட்டிவந்து, வேலை வாங்கிவிட்டு, 1957-ல் சுதந்திரம் கொடுத்துப் போனபோது எங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் செய்யாமல் விட்டுவிட்டீர்கள், நஷ்டஈடு கொடுங்கள் என்று லண்டனில் வழக்கே போட்டிருந்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து! 2020-க்கு இன்னும் பதிமூன்று வருஷம் பாக்கி இருக்கும்போது, எதிர்காலத்தின் மேல் நம்பிக்கை உள்ளவன் கடந்த காலத்திடம் போய்க் கையேந்துவானா? யோசித்துப் பாருங்கள்.

*

சரி, 2020 வந்ததா?

வந்தது. அந்த வருஷம் பிறந்தபோது பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? மகாதீரேதான். 2003-ல் பதவி விலகி, 2018-ல் எதிர்க்கட்சிகளோடு சேர்ந்து தன் பழைய கட்சியையே தோற்கடித்து, 92 வயதில் திரும்பி வந்தவர். தான் எழுதிக் கொடுத்த பிராமிசரி நோட்டுக்கு, தவணை தேதியில் தானே ஆஜராவது உலக அரசியலில் அபூர்வம். அந்த ஆஜரும் நிலைக்கவில்லை. பிப்ரவரி 24-ம் தேதி ராஜினாமா. தொலைநோக்கு உரையின் 29-வது ஆண்டு நிறைவுக்கு நாலு நாள் முன்பு. மார்ச்சில் கொரோனா, நாடே கதவைச் சாத்தியது. அந்த வருஷம் பொருளாதாரம் ஐந்து சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. நடுவில் 1998-லும் 2009-லும்கூடச் சறுக்கல்கள். முப்பது வருஷச் சராசரி ஏழைத் தொடவில்லை. பறக்கும் கார் வரைந்த பிள்ளைகள் வளர்ந்து ஆளாகி, வீட்டுக்குள் அடைந்து உட்கார்ந்து அதை வைத்தே ஜோக் அடித்தார்கள்.

இலக்கு தவறியதை நான் பெரிதாக எடுக்கவில்லை. கொரோனாவை யார் கண்டது? உலக வங்கியின் உயர்வருமானக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்து நிற்பது கௌரவமான தோல்விதான். எனக்கு உறுத்துவது அதே வருஷம் ஜூலையில் நடந்த இன்னொரு சங்கதி.

அதுவரை மலேசியாவின் அதிகாரபூர்வ வறுமை 0.4 சதவீதம். ஆயிரம் குடும்பத்தில் நாலு. கிட்டத்தட்ட வறுமையே இல்லை! மாதம் 980 ரிங்கிட்டுக்குக் கீழே சம்பாதிக்கும் குடும்பம்தான் ஏழை என்று கோடு போட்டிருந்தார்கள். கோலாலம்பூர் விலைவாசியில் ஒரு குடும்பம் 980 ரிங்கிட்டில் எப்படி மாசத்தை ஓட்டும் என்று யாரும் கேட்கவில்லை. 2019 ஆகஸ்டில் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வந்து பார்த்துவிட்டு, இந்தக் கணக்கு நிஜத்தோடு ஒட்டவில்லை என்று போட்டு உடைத்தார். அரசாங்கத்துக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு 2020 ஜூலையில் கோட்டை 2,208 ரிங்கிட்டுக்கு உயர்த்தினார்கள். புதுக் கோட்டின்படி பார்த்தால், 0.4 என்று சொல்லியிருந்த அதே 2016-ம் வருஷத்தின் வறுமை 7.6 சதவீதம்!

யாரும் ஒரே ராத்திரியில் ஏழையாகவில்லை. அவர்கள் முன்பும் அதே வீட்டில், அதே கஞ்சியோடுதான் இருந்தார்கள். புத்தகத்தில் இல்லை, அவ்வளவுதான். வருஷக்கணக்காக அவர்களை வெளியே நிறுத்திவிட்டு, ஒன்பதாவது சவாலில் நல்ல மார்க் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கோட்டைத் திருத்தியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். எத்தனை நாடுகள் தன் ரேங்க் கார்டைத் தானே திருத்தி மார்க்கைக் குறைத்துக்கொள்ளும்? ஆனால் திட்டம் முடிகிற வருஷத்தில்தான் அது நடந்தது.

இங்கே பேங்க் உத்தியோகஸ்தர்களுக்கு நன்றாகப் புரியும் ஒரு வித்தையைச் சொல்ல வேண்டும். கடன் வாங்கியவன் தவணை தேதியில் கட்ட மாட்டான் என்று தெரிந்ததும், தேதி வருவதற்குள் அவனுக்கு ஒரு புதுக் கடன் கொடுத்து, பழைய கடனைத் தீர்த்ததாக எழுதிவிடுவார்கள். வாராக்கடன் என்ற பெயரே வராது. 'எவர்கிரீனிங்' என்பார்கள். என்றும் பசுமை!

தேசத் திட்டங்களிலும் இது உண்டு. 2020 நெருங்க நெருங்க, நஜிப் ரசாக் அரசாங்கம் 2050-ஐக் காட்டியது. 2018-ல் அந்த ஆட்சி போனதோடு 2050-ம் போனது. 2019 அக்டோபரில் மகாதீரே 'பகிர்ந்த வளம் 2030' என்று புதுத் தேதி கொடுத்தார். நாம் மட்டும் என்ன? அப்துல் கலாமும் ஒய்.எஸ்.ராஜனும் 1998-ல் புத்தகம் போட்டு நமக்கும் ஒரு 2020-ஐக் கொடுத்தார்கள். அதைப் படித்துக் கண் விரிந்த மாணவர்கள் இன்று நாற்பதுகளில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு 2012-ல் ஒரு 'விஷன் 2023' வெளியானது. அந்தத் தேதி எப்போது வந்தது, எப்போது போனது, கவனித்தீர்களா? டெல்லியின் பேச்சு இப்போது 2047.

2047-ல் நான் இருப்பேனா தெரியாது. இருந்தாலும், போய்க் கேட்க யார் இருப்பார்கள்? ஐந்து வருஷத்துக்குத் தேர்ந்தெடுத்தவர்கள் முப்பது வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். கட்டச் சொல்லிக் கேட்கும்போது கையெழுத்துப் போட்டவர் படமாகச் சுவரில் தொங்குகிறார். மகாதீர் விஷயத்தில் ஆயுசு கெட்டியாக இருந்ததால் அந்த ஒரு தடவை கேட்க முடிந்தது.

*

'அப்படியானால் திட்டமே போடக்கூடாதா?' என்பீர்கள். தாராளமாகப் போடலாம். பேரனுக்கு நிழல் வேண்டுமென்றால் யாராவது இன்றைக்குக் குழி தோண்டத்தான் வேண்டும். நான் கேட்பது தோண்டுகிறவனுக்கு ஒரு ரசீது.

கம்பெனிச் சட்டத்தில் ஒரு சமாசாரம் உண்டு. கம்பெனி மூழ்கி, சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கு போடும்போது, அடமானம் பிடித்த பேங்க் முன்னால் வந்து நிற்கும். தொழிலாளி கடைசியில் நின்று காலிப் பாத்திரத்தைப் பார்ப்பான். இது அக்கிரமம் என்று 1985-ல் நம் நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். தொழிலாளியின் சம்பளப் பாக்கி, அடமானம் வைத்திருக்கும் பேங்கின் பாக்கிக்குச் சமம், இரண்டும் ஒரே வரிசை என்றார்கள். இன்றைய திவால் சட்டத்திலும் அந்த வரிசை இருக்கிறது, இருபத்துநாலு மாதப் பாக்கி என்ற வரம்போடு. பேங்க் பணத்தைப் போட்டது, இவன் உடம்பைப் போட்டான் என்ற நியாயம்தான்.

மூழ்கும் கம்பெனிக்கு இருக்கும் இந்த விதி, உயரும் தேசத்துக்கு ஏன் இல்லை? நிலத்தை விட்டுக் கொடுத்தவன், குறைந்த கூலியில் காத்திருந்தவன், அணைக்காக, ஏர்போர்ட்டுக்காக, தலைநகரத்துக்காக எழுந்து நகர்ந்தவன் எல்லோரும் அந்தத் திட்டத்தின் கடன்காரர்கள். நாடு அவர்களுக்குப் பாக்கி. புது ஊரில் முதல் மந்திரி குடியேறுவதற்கு முன்னால் இவர்கள் பாக்கி தீர வேண்டும். தானமாக இல்லை, அமைச்சர் வந்து சாவி கொடுத்து ஃபோட்டோ எடுத்துக்கொள்ளும் விழாவாக இல்லை. வட்டியோடு கூடிய பாக்கியாக.

'நடக்கிற காரியமா சார்? யாருக்கு எவ்வளவு என்று யார் கணக்கு வைப்பது?' என்று அதிகாரிகள் கேட்பார்கள். பெரிய திட்டங்களில் இப்படிப்பட்ட 'சின்ன' விஷயங்களுக்குத்தான் எப்போதும் புள்ளிவிவரம் கிடைக்காது.

பிராங் பெசார் மாதிரி தோட்டங்களில் தினமும் இருட்டோடு பெரட்டு நடக்கும். கிராணி செக்ரோல் புத்தகத்தோடு வந்து நிற்பார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். வந்தவனுக்கு ஒரு குறி, வராதவனுக்கு ஒரு குறி. யார் எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தார், எத்தனை நாள் சீவினார், எத்தனை ராத்தல் பால் கொண்டுவந்தார், மழைக்கு எத்தனை நாள் போயிற்று, எந்த லயத்தில் எந்த வீட்டில் இருக்கிறார் என்று சென்ட் விடாமல் எழுதியிருந்தார்கள். ஒரு நாள் கூலியைக்கூடக் கூடுதலாகக் கொடுத்துவிடக் கூடாதே என்பதற்காக வைத்த கணக்கு அது.